ஆரஞ்சுப் படம் போட்ட பாட்டில்

இயற்கை மருந்து என்றால் குழந்தைகூடக் குடிக்கலாம் என்று நம்பியவன் நான். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் உட்கார்ந்து பிரசங்கமே செய்திருக்கிறேன். “கடை மருந்து பூச்சிக்கும் எமன், நமக்கும் எமன். என் மருந்து பூச்சிக்கு எமன், நமக்குக் கஷாயம்!” ஐம்பது வயதில் வாய்க்கு இருந்த வேலையில் பாதிகூட மூளைக்கு இல்லை.

போன ஆடி மாதம் அது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, மலையைப் பார்த்தபடி கிடக்கும் என் அரை ஏக்கர் கத்தரித் தோட்டத்தில் காய்ப்புழு ஆட்டம் போட்டது. வெள்ளிமலையில் சாமை போடும் ஒரு விவசாயியிடம் போய் இலைக் கரைசல் கற்றுக்கொண்டு வந்தேன். வேம்பு, நொச்சி, எருக்கு, ஊமத்தை. எல்லாம் வேலியோரம் சும்மா கிடைப்பவை.

“ஊமத்த போட்டா வெசம் சார். தனியா பூட்டி வையுங்க” என்றார் அவர். மற்றதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்ட நான் அந்த ஒரு வரியை மட்டும் குறிக்கவில்லை.

கோமியத்தில் ஊறவைக்கவும் சொல்லியிருந்தார். நாற்றம் தாங்காது என்று வீட்டில் விடவில்லை. வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டினேன். பார்க்க அசல் நன்னாரி சர்பத். காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிப் புங்கமரத்தடியில், களையெடுப்பவர்களின் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். கடை மருந்திலாவது மண்டை ஓடு போட்டிருப்பான். என் பாட்டிலில் பாதி உரித்த ஆரஞ்சுப்பழம் சிரித்துக்கொண்டிருந்தது.

அன்று டவுனிலிருந்து நான்கு பெண்கள் களையெடுக்க வந்திருந்தார்கள். அதில் ஒருவர் கருணாபுரத்து அக்கா. மதியம் அவர்களுக்கு வடை வாங்கப் போனேன். கடையில் வழக்கம்போலப் பிரசங்கம் செய்துவிட்டுத் திரும்பினால், குடம் காலி, பாட்டிலும் காலி. மூன்று பேர் தூரத்தில் பம்புசெட்டில் கை கழுவிக்கொண்டிருக்க, அந்த அக்கா மட்டும் மரத்தடியில் முந்தானையால் முகத்தை மூடிப் படுத்திருந்தார்.

வடைப் பொட்டலம் வாய்க்காலில் விழுந்தது. “அக்கா! எழுந்திரு! ஏறு வண்டியில! ஆஸ்பத்திரி!”

அவர் பதறி எழுந்தார். “ஆஸ்பத்திரியா? யாருக்குண்ணா? இன்னா ஆச்சு?”

“பேசாத! பேசினா ஏறிடும்!” எப்போதோ பாம்புக்கடிக்குக் கேட்ட வைத்தியம், அந்த நேரத்தில் அதுதான் ஞாபகம் வந்தது. குடித்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வண்டி பறந்தது. ‘இயற்கை விவசாயி கைது’ என்று பேப்பரில் வருமே, எந்தப் போட்டோ போடுவான்? ரேஷன் கார்டு போட்டோவில் நான் ஏற்கெனவே கைதி மாதிரிதான் இருப்பேன். தோளைப் பிடித்திருந்த அக்காவின் கை நடுங்கியது. விஷம் ஏறுகிறது என்று ஆக்சிலேட்டரை முறுக்கினேன். “பெரியவனே, டேய் பெரியவனே” என்று முனக ஆரம்பித்தார். ஊமத்தை தின்றால் பிதற்றல் வரும் என்பார்களே! இன்னும் முறுக்கினேன்.

அரசு ஆஸ்பத்திரி வாசலில், “ஊமத்த குடிச்சிட்டாங்க!” என்று கத்தினேன்.

“யாரு?” என்றார் நர்ஸ். அக்காவைக் காட்டினேன்.

“நானா? நான் எங்கண்ணா குடிச்சேன்?” என்றவர், என் சட்டையைப் பிடித்தார். “அப்ப எம் புள்ளைக்கு ஒண்ணும் இல்லியா?”

ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன். அவர் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்குக் கண் இருட்டியது. விழித்தபோது டிரிப்ஸ் என் கையில் ஏறிக்கொண்டிருந்தது.

“உங்க கஷாயத்த நீங்களே குடிச்சிட்டீங்களா சார்?” என்றார் நர்ஸ்.

பக்கத்தில் அக்கா நின்றிருந்தார். “சர்பத்துன்னுதாண்ணா எடுத்தேன். மூடி தொறந்து மோந்தா, இன்னாமோ பச்ச வாட அடிச்சுது. வேற யாருனா குடிச்சிடப் போறாங்கன்னு கீழ ஊத்திட்டுப் படுத்துக்கினு இருந்தேன். எங்க தெருவுல அந்தக் கள்ளச்சாராயச் சாவுங்களுக்கு அப்புறம் மோந்து பாக்காம நான் எதையும் வாயில வெக்கறதில்ல. நீங்க ஆஸ்பத்திரின்னு கத்தினதும் எம் பெரிய பையனுக்குத்தான் இன்னாமோ ஆயிடுச்சுன்னு நெனச்சிட்டேன். அந்த நாளே திரும்ப வந்துட்டுதுண்ணா.”



இப்போதும் கரைசல் போடுகிறேன். கோமியம் கலந்து, பூட்டிய அறையில், கேனில் நானே மண்டை ஓடு வரைந்து. “உங்க மூஞ்சி மாரியே கீதுண்ணா” என்கிறார் அக்கா. இருக்கட்டும். அன்று நடந்தது இவ்வளவுதான்: நான் சர்பத் மாதிரி வைத்துவிட்டுப் போன விஷத்தை அவர் மோந்து பார்த்து, இன்னொருவர் குடிக்கக் கூடாதே என்று கீழே ஊற்றினார். நான் அவரை, பெற்ற பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்போடு வழி முழுக்க வண்டியில் உட்கார வைத்தேன்.