வயதும் வண்டியும் ஒரே படத்தில்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ஃபிளெக்ஸ் கடை இருந்ததாம் என்று எங்கள் தாத்தா கதை தொடங்குகிற மாதிரி தொடங்கத்தான் ஆசை. ஆனால் எங்கள் திருவண்ணாமலையில் தெருவுக்கு இரண்டு ஃபிளெக்ஸ் கடை இருக்கிறது. காதுகுத்து, கல்யாணம், பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மெஷினிலிருந்துதான் வெளியே வருகின்றன. நான் கம்ப்யூட்டரில் படம் வெட்டி ஒட்டுகிறவன். பாஷா பாய் மெஷின் ஓட்டுகிறவர். அடுத்தவர் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் வாசகம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் என் இனத்தார் யாராவது இதைப் படித்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

ரெண்டுல ஒண்ணு

ஏழுமலை அண்ணனுக்கு அடி அண்ணாமலையில் மளிகைக் கடை, கிரிவலப் பாதை ஓரத்திலேயே. பௌர்ணமி வந்தால் அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். பால் பாக்கெட் தீரத் தீர உள்வழியாகச் சுற்றிப்போய் எடுத்துவர ஒரு ஆள் வேண்டும். அதற்காகத் தன் பேரில் ஒரு பைக் வாங்கி மகன் கிஷோரிடம் கொடுத்திருந்தார்.

வண்டி வந்த அதே வாரம் கிஷோருக்குப் பிறந்தநாள் வந்தது. அவன் சேக்காளிகள் ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டுப் போக, எப்படி வந்திருக்கிறதென்று பார்க்க ஏழுமலை அண்ணனே வந்தார். பைக்குக்குப் பூஜை போட்ட அன்று கோபுரத்துக்கு எதிரில் எடுத்த படம். ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், மேலே பந்தயத்துக்குக் கிளம்புகிறவன் போல முன்னால் சாய்ந்து கிஷோர். தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் 'பதினாறு வயது சிங்கமே!' மனுஷர் முகமெல்லாம் சிரிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த வரிக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்தினார். கிரிவலம் வருகிறவர்களில் போலீஸ்காரர்களும் உண்டே என்பது அவர் கவலை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"வயசும் வண்டியும் ஒரே படத்துல இருக்கக் கூடாது தம்பி. ரெண்டுல ஒண்ணு எடுக்கணும்னா, வயசை எடுத்துடு."

அந்தரத்தில் ஒரு பையன்

அடுத்த முறை அந்த வீட்டிலிருந்து வந்தது கிஷோரின் அம்மா சாந்தி அக்கா. ஒரு பௌர்ணமி காலையில் பால் எடுக்கப் போன கிஷோர், குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கப்போய்க் கரண்ட் கம்பத்தில் மோதி, அந்த இடத்திலேயே போய்விட்டான். ஊருக்கே தெரிந்த செய்திதான். ஆனாலும் அக்கா போனை நீட்டியபோது எனக்கு வாங்கக் கை வரவில்லை.

உள்ளதில் முகம் தெளிவாக இருந்தது அந்தப் பைக் படம் ஒன்றுதான். வண்டியை மட்டும் எடுத்துவிட்டு அஞ்சலி பேனர் போட்டுக் கொடு என்றார். எடுத்தேன். எங்கள் வேலையில் இதெல்லாம் நிமிஷ வேலை. ஆனால் வண்டி போனதும் பையன் அந்தரத்தில் நின்றான். கால் இரண்டும் அகன்று, உடம்பு முன்னால் சாய்ந்து, கை இரண்டும் வெறும் காற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அடியில் ஒரு நாற்காலி போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. கல்யாண பேனருக்கு வைத்திருக்கும் சோபாவைப் போட்டேன், அது இன்னும் மோசம். கடைசியில் மார்போடு வெட்டினேன். அப்படியும் ஓரத்தில் ஒரு கை முஷ்டியாக மிச்சம் நின்றது. வயசு போடலாமா என்று கேட்டதற்குப் போடு என்று தலையாட்டிய அக்கா, நான் கத்தரியை அந்தக் கைப்பக்கம் நகர்த்தியதும் மவுஸ் மேலிருந்த என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"கையை வெட்டாத தம்பி. எதையாவது புடிச்சிக்கிட்டு இருக்கட்டும்."

நடந்தா வர்றது?

பேனரை வாங்கிப்போக கிஷோரின் சேக்காளிகள் மூன்று பேர் ஒரே பைக்கில் வந்தார்கள். அழுது வீங்கிய முகங்கள். முந்தின முறை 'சிங்கமே' என்று எழுது, இல்லை 'தங்கமே' என்று எழுது என சண்டை போட்ட அதே பையன்கள்தான். சுருட்டிய பேனரை நடுவில் உட்கார்ந்தவன் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

சத்தம்போட்டுப் பேசுகிற ஆள் இல்லை நான். உங்களில் லைசென்ஸ் இருக்கிறவன் யாராவது ஓட்டக் கூடாதா என்று மட்டும் கேட்டேன். முன்னால் இருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னமோ நான்தான் விவரம் தெரியாதவன் போலப் பதில் சொன்னான்:

"எங்க செட்டுல யாருக்குமே லைசென்ஸ் வயசு ஆகலண்ணா. அதுக்குன்னு நடந்தா வர்றது?"

மூணு வருஷம் ஜாஸ்தி

கருமாதி முடிந்தும் ஏழுமலை அண்ணன் கடை திறக்கவில்லை. வண்டி அவர் பேரில் இருந்ததால், வயசு வராத பையனிடம் கொடுத்த கேஸும் அவர் பேரில்தான் விழுந்தது. அதைக் கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கல்லாவில் உட்கார்ந்தால் வருகிறவன் போகிறவனெல்லாம் தன்னைப் பார்ப்பான், அந்தப் பார்வைக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவருக்குப் பெரிய பாரம். அப்படிப்பட்டவர் ஒருநாள் மத்தியானம் எங்கள் கடைக்கு வந்தார். வருகிற பௌர்ணமிக்குக் கடை திறக்கப்போவதாகவும், முன்னால் ஒரு பேனர் கட்டினால்தான் தன்னால் அங்கே உட்கார முடியும் என்றும் சொன்னார்.

படம் வேண்டாமாம். ஒரே ஒரு வரி: 'வண்டி ஓட்டும் வயதை இருபத்தொன்றாக உயர்த்து.' கீழே யார் பேர் போடுவது என்று கேட்டேன். இந்த மாதிரி பேனருக்கு வழக்கமாக 'ஊர் பொதுமக்கள்' என்று போட்டு முடித்துவிடுவோம். அவர் 'கிஷோரின் அப்பா ஏழுமலை' என்று போடச் சொன்னார்.

பாஷா பாய்க்கு மனசில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று பேசத் தெரியாது. மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். தப்பா நினைக்காதப்பா, இதைக் கட்டினால் படிக்கிறவன் உன்னைத்தான் கேட்பான் என்றார். என்ன கேட்பான் என்று இவர் கேட்டார். பாய் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "உன் புள்ளைக்குப் பதினெட்டே ஆகலையே ஏழுமலை. இருக்கிற சட்டத்தையே நீ மதிக்கல. இதுல இருபத்தொண்ணு ஆனா என்ன, முப்பது ஆனா என்ன?"

ஏழுமலை அண்ணன் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. திரையில் இருந்த அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வியாபாரத்தில் எடை சொல்கிற குரலில், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் சொன்னார்:

"சட்டம் பதினெட்டுனு சொல்லுது பாய், நான் பதினாறுல குடுத்தேன். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான், ரெண்டு வருஷம் கம்மியாதான் குடுக்கறோம். இருபத்தொண்ணுனு சொல்லியிருந்தா பத்தொன்பதுல குடுத்திருப்பேன். எம்புள்ள மூணு வருஷம் ஜாஸ்தி இருந்திருப்பான்."

பாய் போய் மெஷினைப் போட்டார். மை காய்கிற வரைக்கும் காத்திருந்தோம். பேனரைச் சுருட்டிக் கொடுத்தேன். தோளில் சாத்திக்கொண்டு, வாசலில் நின்ற ஷேர் ஆட்டோ கூப்பிட்டும் ஏறாமல், வெயிலில் நடந்தே போனார். தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் தொழிலில் தப்பாக அடித்த ஃபிளெக்ஸ் யாராவது ஒருவர் மாட்டுக்கொட்டகைக் கூரைக்காவது உதவும், சரியாக அடித்ததைத்தான் எல்லோரும் ஒருமுறை நிமிர்ந்து படித்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள்.