கோட்டுக்குள் இரண்டு கொசு ஜாடி

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் உதவி வாத்தியாராக இருந்தேன். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பாடம் நடத்துவது என்றால் பிள்ளைகள் கத்துவதும் நான் கண்ணை மூடிக்கொள்வதும்தான். "கொசு நீரில் முட்டையிடும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், கூரை அதிர அதையே மணியடிக்கும்வரை திருப்பிச் சொல்வார்கள். கத்தல் நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும்.

ஒரு மழைக்கால மத்தியானம் அப்படி நின்றது. குளிர்காய்ச்சலில் பாதிப் பெஞ்சு காலி. மீதி இருந்தவர்களில், ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் மகள் எழுந்து நின்றாள்.

"சார், கொசு தண்ணியில பொறக்குறத நீங்க பாத்திருக்கீங்களா?"

"புஸ்தகத்துல இருக்கும்மா."

"எங்கம்மா லோங்காங் நாத்தத்துலேர்ந்துதான் வருதுங்கிறாங்க."

வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையை இங்கே அப்படித்தான் சொல்வோம். அந்த அம்மாள் தினமும் அதைப் பார்க்கிறவள். நான் புத்தகம் பார்க்கிறவன். "நான் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டேன். தைரியமில்லை, களைப்பு. பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

மறுநாள் ஊறுகாய் ஜாடி இரண்டைக் கழுவி, சாக்கடை ஓரத்துத் தேங்கிய நீரைப் புழுவோடு மொண்டு, மல் துணியால் வாய் கட்டி, கொசு வருகிறதா பார்க்கலாம் என்று மேஜைமேல் வைத்தேன். தலைமையாசிரியர் வந்து ஒன்றை மோந்து பார்த்தார்.

"பரீட்சையில புழு கேக்க மாட்டான் வாத்தியாரே."

"பார்த்துக் கத்துக்கட்டும் ஐயா."

"பாக்கட்டும். ஒரு புகார் வந்துச்சுன்னா, ஜாடியும் இங்க இருக்காது, நீரும் இருக்க மாட்டீர். செமினிக்கு எழுதிப் போட்டுருவேன்."

செமினியில் அப்போது ஒரு ரப்பர் தோட்டப் பள்ளி காலியாக இருந்தது. ஏன் காலி என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் அந்த வாரம் வகுப்பில் தூங்க முடியவில்லை. பிள்ளைகள் ஜாடியைச் சுற்றி ஈ மாதிரி மொய்த்தார்கள். புழு ஏன் அடிக்கடி மேலே வந்து தலைகீழாகத் தொங்குகிறது என்று ஒரு சண்டை கிளம்பியது. மூச்சு விடத்தான் என்று பாயிண்ட்ஸ்மேன் மகள். தின்னத்தான் என்று சலவைக்காரர் மகன். என்னைக் கேட்டார்கள். எனக்கும் தெரியாது என்றேன். அதைக் கேட்டு அவர்களுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சம் அதிகம்தான்.

வெள்ளிக்கிழமை வாசலில் சைக்கிள் மணி கேட்டது. காக்கி உடுப்பு, தொப்பி, சைக்கிளில் கட்டிய எண்ணெய் டின். சுகாதார இன்ஸ்பெக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டில் கொசுப்புழு கண்டால் வழக்குப் போடுகிறவர் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பயம்.

என் மூளை நின்றுவிட்டது. கை நிற்கவில்லை. ஜாடிகளைத் தூக்கிக் கோட்டுக்குள் செருகி, பக்கத்துக்கு ஒன்றாக அக்குளில் இடுக்கிக்கொண்டேன். இதனால் அவருக்குக் கைகூப்பி வணக்கம் சொல்ல முடியவில்லை. தாடையால் சொன்னேன்.

"மாஸ்டர், உங்கட பள்ளிக்கூடத்தில நுளம்பு வளர்க்கிறியள் எண்டு ஒரு கதை வந்திருக்கு." நுளம்பு என்றால் அவர்கள் ஊரில் கொசு.

"இங்கேயா ஐயா? சேச்சே."

"கோட்டுக்குள்ள என்ன?"

"நெஞ்சுச் சளி ஐயா. வீங்கியிருக்கு."

"ரெண்டு பக்கமுமோ?"

சாக்கடைத் தண்ணீர் என் விலா வழியாக இறங்கி வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. வகுப்பே என் அக்குளைப் பார்த்தது. பாயிண்ட்ஸ்மேன் மகளால் பொறுக்க முடியவில்லை.

"சார், வெளிய எடுங்க. அதுக்கு மூச்சு முட்டும்."

"மூச்சு இல்லலா. அது திங்குதுன்னு சொன்னேன்ல" என்றான் சலவைக்காரர் மகன்.

எடுத்து வைத்தேன். இன்ஸ்பெக்டர் ஒரு ஜாடியைக் கையில் எடுத்தார். "வீடெண்டாலும் வழக்கு, பள்ளிக்கூடம் எண்டாலும் வழக்கு. இதைக் கொட்டவேணும்."

"கொட்டாதீங்க ஐயா, இன்னும் முடியல" என்றாள் அவள்.

"என்ன பிள்ளை முடியேல்ல?"

சண்டையை இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் விளக்கின. அவர் சிரித்துவிட்டு, "அது வந்து..." என்று வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க ஐயா" என்றேன்.

என் குரல்தான். அரசாங்க அதிகாரியைப் பார்த்து. செமினி தோட்டத்து அட்டைகள் என் காலில் ஏறுவதுபோல் இருந்தது. "அவங்களே கண்டுபிடிக்கட்டும்" என்று வாலையும் சேர்த்து முனகி வைத்தேன்.

அவர் ஜாடியை மேஜைமேல் வைத்தார். பிறகு சைக்கிளுக்குப் போய் எண்ணெய் டின்னோடு திரும்பினார். "இதைத்தான் நாங்கள் சாக்கடையில விடுறது. ஏன் விடுறியள் எண்டு உங்கட தாய்மார் என்னை ஏசுவினம். பாருங்கோ." ஒரு ஜாடியில் கொஞ்சம் விட்டார்.

எண்ணெய் மேலே படலமாகப் பரவியது. புழுக்கள் வந்து முட்டின, நெளிந்தன, கீழே போயின, மறுபடி வந்தன. கடைசியில் எல்லாம் அடியில் கிடந்தன.

"பாத்தியா? மூச்சு" என்றாள்.

"மண்ணெண்ணெய் வெசம்லா. நீ குடிச்சாலும் செத்துருவ" என்றான்.

வகுப்பு மொத்தமும் அவன் பக்கம் சாய்ந்தது. நானும் சாய்ந்தேன். அவள் யோசித்தாள்.

"அப்போ வெசமில்லாத எண்ணெய் ஊத்துவோம்."

எல்லாக் கண்ணும் சுவரிலிருந்த சரஸ்வதி படத்துக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் நல்லெண்ணெய்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணமிட்டார். "இவ்வளவு காலம் இந்த வேலை செய்யிறன். ஒருத்தரும் இதைக் கேட்கேல்ல. விடுங்கோ மாஸ்டர்."

நான் சாமி எண்ணெயைச் சாக்கடைப் புழுவின்மேல் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் தலைமையாசிரியர் உள்ளே வந்தார்.

அவரைப் பார்த்ததும் தேவைக்கு மேலேயே ஊற்றிவிட்டேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்திருந்த காக்கி உடுப்பைப் பார்த்தார். திட்டத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. இன்ஸ்பெக்டர் தலையைத் திருப்பாமல், "சத்தம் போடாதேங்கோ, ஐயா. அது மேல வருது" என்றார்.

அந்த ஜாடிப் புழுக்களும் செத்தன, கொஞ்சம் தாமதமாக. சலவைக்காரர் மகன் ஜாடியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரி, மூச்சுதான்" என்றான். அவ்வளவு கசப்பாக யாரும் ஒரு விடை சொல்லி நான் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் இரண்டையும் வெயிலில் கொட்டினார். வழக்கு எழுதவில்லை. சாயங்காலம் தான் குவார்ட்டர்ஸில் எண்ணெய் விட வரும்போது அம்மாக்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டு போனார்.

தலைமையாசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஈரக் கோட்டோடு நின்றேன். உண்மையைச் சொன்னால், இனி ஜாடியே வேண்டாம் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்றும் எனக்குள் ஓர் ஆசை இருந்தது. பழையபடி அவர்கள் கத்துவார்கள், நான் கண்ணை மூடலாம்.

"அந்த ஆளு தரையில உக்காந்துட்டாரே" என்றார் தனக்குள். அப்புறம் என்னிடம்: "அடுத்த வாரம் கொசு வேண்டாம். கடிக்காததா ஏதாவது பாரும். சாமி எண்ணெய்ல கை வெக்காதீர்."

கேட்டில் அந்தப் பெண்ணும் சலவைக்காரர் மகனும் காத்திருந்தார்கள். "அடுத்து என்ன சார்?"

தெரியாது என்றேன். முதுகு வலித்தது, கோட்டு நாறியது. சாக்கடை ஓரமாகவே நடந்தோம், கடிக்காதது எது என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டு. அவர்கள் சொன்னதில் பாதி கடிப்பவை.