கோணிச் சாக்குச் சுவர்

"அண்ணாச்சி, பாப்பாவுக்குத் தொண்டையில எதுவும் கோளாறா? சர்ச்சுல அம்புட்டு நல்லாப் பாடும்பாகளே," என்று எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடி சுற்றும் அம்மா ஒருவர் கேட்டார்.

"கோளாறெல்லாம் இல்ல. இதுவும் இயேசு பாட்டுத்தான்."

"இப்படிக் கூப்பாடு போட்டா அவரே காதப் பொத்திக்கிடுவாரே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அங்கே ஃபோர்மேன். வெடிமருந்து கலக்கும் அறைகள் என் பொறுப்பு. சிரிப்பில் சேர்ந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அவர் கேட்ட பாப்பா என் மகள்; அப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு. உடன் படித்த மூன்று பையன்களோடு ஹெவி மெட்டல் குழு ஒன்று தொடங்கியிருந்தாள். இரண்டு பேர் கிட்டார், ஒருவன் டிரம்ஸ். பாடுவது அவள். பாடுவது என்று எப்படிச் சொல்ல? அடிவயிற்றிலிருந்து உறுமினாள்.

"நொந்து கெடக்கவன்கிட்டப் போயி மெல்லமாப் பாடுனா எந்திரிச்சுப் போயிருவான்ப்பா. அவன்கூடச் சேந்து கத்தணும். பெறகுதான் ஆண்டவரப் பத்திச் சொல்ல முடியும்," என்பாள்.

விருதுநகரில் ஒரு வாலிபர் கூட்டத்தில் பாட அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தது. நான் முழுதாக ஒரு தடவை கேட்ட பிறகுதான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டேன்.

எம். புதுப்பட்டி ஊர் ஓரத்தில், முன்பு தீப்பெட்டி அடுக்கி வைத்து இப்போது பயன்படாமல் கிடந்த கிட்டங்கி ஒன்றில் பயிற்சி செய்தார்கள். முதல் நாளே வினை வந்தது. டிரம்ஸ் சத்தம் தரை வழியாகப் போய், பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்த பெண்கள் எல்லோரும் வெட்டவெளிக்கு ஓடிவிட்டார்கள். எங்கள் பக்கம் 'தம்' என்று ஒரு சத்தம் கேட்டால் என்ன ஏது என்று யாரும் விசாரிப்பதில்லை. கால்கள் தாமாக ஓடும். ஒருத்தி முள்வேலியில் விழுந்து கையைக் கிழித்துக்கொண்டாள்.

சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் சாக்கு கட்டச் சொன்னது நான்தான். கம்பெனியில் கிடக்கும் பழைய கோணிச் சாக்குகளை எடுத்துக் கொடுக்கும்படி வாட்ச்மேனிடம் சொன்னதும் நான்தான். எந்தக் குவியலிலிருந்து எடுக்கிறார் என்று போய்ப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த மதியம், பாட்டுக் கேட்கப் போனேன். முப்பது பேர் போல வந்திருந்தார்கள். சபை வாலிபர்கள், சில கம்பெனிப் பெண்கள். பெண்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியின் பிளக்கைச் செருகியபோது நீலமாய் ஒரு பொறி வந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் லூஸ் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு தொடங்கியது. தரை அதிர்ந்தது. மேலே காற்றுத் துவாரம் வழியாகச் சாய்வாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. டிரம்ஸில் விழும் ஒவ்வொரு அடிக்கும் அந்த வெயிலில் தூசி எழும்பியது. சாதாரணத் தூசி அப்படி மின்னாது.

பக்கத்துச் சாக்கை விரலால் தொட்டு மோந்து பார்த்தேன். கந்தகம். விரலில் வெள்ளி நிறம். மருந்து கலக்கும் இடத்தில் தரையில் விரிக்கிற சாக்குகள் அவை. சிந்துகிற வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் அதில் ஊறிக் கிடக்கும். அவற்றைத் தண்ணீரில் நனைத்துத் தனியாகப் போட்டு, கழிவு எரிக்கிற நாளில் எரிப்போம். இவை காய்ந்து மொடமொடவென்று நாலு சுவரிலும் தொங்கின.

கத்தினால் சாக்குகளை உரசிக்கொண்டு ஓடுவார்கள். உரசலே போதும், பற்றிக்கொள்ளும். வாசல் ஒன்றுதான். கையைக் காட்டி நிறுத்தினால் பையன்கள் முதலில் குனிவது பொறி வந்த அந்த ஸ்விட்சுக்குத்தான். கலவை அறையில் யாரும் ஓடக்கூடாது, கத்தக்கூடாது என்று பதினெட்டு வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். மெதுவாக நடந்து மகளிடம் போனேன். பாட்டின் நடுவில் வந்ததற்கு என்னை முறைத்தாள். பாட்டு பிடிக்காமல்தான் நிறுத்த வருகிறேன் என்று நினைத்திருப்பாள்.

அவள் காதில் சொன்னேன். "சாக்குல மருந்து இருக்கு. ஸ்விட்ச யாரும் தொடக்கூடாது. எல்லாரையும் வெளிய அனுப்பு."

அவளும் இந்த ஊர்க்காரிதான். இரண்டாவது தடவை கேட்கவில்லை. கையை உயர்த்தினாள். டிரம்ஸ் நின்றது. மைக்கில் அவளுடைய பழைய குரலில், சர்ச்சில் பாடும் குரலில் பேசினாள்.

"இப்ப எல்லாரும் வெளிய வேப்பமரத்தடியில போயி ஜெபிப்போம். செல்போன எடுக்காதீக. பேசாம, ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா வாங்க."

ஒரு கிட்டார் பையன் வழக்கம்போல ஸ்விட்சை அணைக்கக் குனிந்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. நிகழ்ச்சியே இப்படித்தான் என்று நினைத்து எல்லோரும் தலை குனிந்தபடி நடந்தார்கள். கடைசியாக ஓர் அம்மா முட்டி வலியோடு கையூன்றி எழுந்தார். முதுகால் சாக்கை உரசி உரசி எழுந்தார். அந்த நேரம் எவ்வளவு என்று இன்றும் எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

மகள் மரத்தடியில் நிஜமாகவே ஜெபித்துக்கொண்டிருந்தாள். நான் வெளிச்சுவரில் இருந்த ஃபியூஸைப் பிடுங்கினேன். பிறகு குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோய்ச் சுவர்களை நனைத்தோம்.

"எந்தக் கூமுட்ட இந்தச் சாக்கக் குடுத்தது?" என்றான் டிரம்ஸ் பையன்.

"நான்தான்," என்றேன்.

"நான்தான் கேட்டு வாங்குனேன்," என்றாள் மகள், என்னைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்த பிறகு வெகுநேரம் கழித்துக் கேட்டாள். "பாட்டு எப்படிப்பா இருந்துச்சு?"

"ஒரு வார்த்தகூடக் காதுல விழலம்மா."

எதிரில் உட்கார்ந்து, பாட்டின் வரிகளைப் பாடாமல் சொன்னாள். சாக வேண்டும் என்று இருந்த ஒருவன், தன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறான். அவ்வளவுதான் பாட்டு. போய் வா என்றேன்.

விருதுநகருக்கு நானும் போனேன். கூட்டம் தொடங்கும் முன் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஒவ்வொரு துணியையும் தொட்டு, விரலை மோந்து பார்த்தேன். பந்தல்காரர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. நான் கடைசித் துணியையும் பார்த்து முடிக்கும் வரை மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.