வால் முளைத்த கால்

சர்ச் ஹாலில் பெண்களுக்கு அச்சுக் கோக்கப் பழக்குகிறார்கள் என்றதும் ஓடினேன். தொழில் ஆசையெல்லாம் இல்லை. வீட்டில் இருந்தால் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். போன வருஷம் ரிசல்ட் வந்த அன்று எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி வீட்டுக்குத் திரும்பவில்லை. பருத்திக்காட்டுக் கிணற்றில்தான் கிடைத்தாள். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

சொல்லிக்கொடுத்தவள் கோவில்பட்டியில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்க்கிற சின்னப் பெண். ஈய எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றன. அதிலும் 'மா'வில் மகரத்துக்குப் பக்கத்தில் வருகிற காலும், ரகரமும் படுபாவிகள், அச்சு அசல் ஒன்றுபோல இருந்தன.

"எக்கா, ரகரத்துக்கு அடியில சின்ன வால் இருக்கும், காலுக்கு இருக்காது. பார்த்து எடுங்க," என்றாள்.

மை அப்பிக் கிடக்கிற எழுத்தில் வாலாவது, தலையாவது!

கடைசி நாள் நிஜமான நோட்டீஸே கோக்கச் சொன்னார்கள். 'தேர்வு எழுதும் மாணவர்களுக்காகச் சிறப்பு ஜெபம்.' என் பிள்ளைக்கும் சேர்த்துத்தானே என்று அந்த வரியை நானே கேட்டு வாங்கினேன். கோத்து முடித்து, மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுத்தோம். பக்கத்தில் நின்றவள் சத்தமாக வாசித்தாள்.

"தேர்வு எழுதும் மரணவர்களுக்காக..."

காலுக்குப் பதில் ரகரம் உட்கார்ந்திருந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐயோ ஆண்டவரே, என் கையாலேயா?

சொல்லிக்கொடுத்த பெண் இடுக்கியால் ரகரத்தைப் பிடுங்கிவிட்டுக் காலைச் செருகினாள். "இம்புட்டுதான்க்கா. இதுக்குப் போயி அழுதீங்களே!"

தப்பான தாளைக் குப்பையில் போடப் பயமாக இருந்தது. யார் காலிலாவது மிதிபட்டால்? மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் மகனிடம் நல்ல நோட்டீஸை எடுத்து நீட்டினேன். தப்பான தாளும் கூடவே வந்து விழுந்தது. குனிந்து எடுத்து வாசித்தான். கேலி செய்து மானத்தை வாங்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"எம்மா, இதுலதான் சரியா போட்டுருக்க," என்றான். முகத்தில் சிரிப்பே இல்லை.

மைக் கையோடு அவன் தோளைப் பிடித்தேன். "ஏலே, பாஸோ ஃபெயிலோ, ரிசல்ட் பார்த்துட்டு நேரா வீட்டுக்கு வந்துரணும். சோறாக்கி வச்சிருப்பேன். வாரேன்னு சொல்லு."

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுலே!" என்று உலுக்கினேன்.

"வாரேம்மா," என்றான்.