நூற்றில் ஒரு பங்கு குளத்துத் தண்ணீர்

முத்துச்செல்விக்கு உப்பு என்றாலே எரிச்சல். தூத்துக்குடியில் பிறந்துவிட்டு இது தேவையா என்று நானே கேலி செய்திருக்கிறேன். ஐந்து வருடமாக ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரி அவள். கிராஃபீன் என்னும் ஓர் அணு தடிமனே உள்ள கரிப்படலத்தில் டிரான்சிஸ்டர் செய்கிறாள். தண்ணீரில் முக்கினால், இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரஸ் அதில் வந்து ஒட்டும், மின்னோட்டம் மாறும். ஆனால் உப்புத் தண்ணீரில் வைரஸின் மின்னூட்டத்தை உப்பு மூடிவிடும், கருவிக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஒரு பங்கு குளத்துத் தண்ணீருக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்துதான் பார்க்க வேண்டும்.

போன மாசியில் வேம்பாரில் இறால் பண்ணை வைத்திருக்கும் செந்தூர்பாண்டி அண்ணாச்சி கூப்பிட்டார். நானும் அவளோடு போனேன். குளத்தில் நாலைந்து இறால் கரையில் ஒதுங்கியிருந்தன. நோய் என்றால் அன்றே எல்லாவற்றையும் பிடித்து விற்றுவிட வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் வளர்க்கலாம்.

இந்த மகராசி என்ன செய்தாள்? தண்ணீர் கலந்துகொண்டிருந்தால் அண்ணாச்சி கேலி செய்வார் என்று, கருவியை நேராகக் குளத்திலேயே முக்கிக் காட்டினாள். லேப்டாப்பில் மின்னோட்டக் கோடு அசையவில்லை. அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகுதான் முறைப்படி கலந்து பார்த்தாள். கோடு இறங்கியது. மூன்று முறையும் இறங்கியது.

"அண்ணாச்சி, நோய் இருக்கு. இன்னைக்கே பிடிச்சிருங்க."

"ஏளா, என் தண்ணியில இல்லன்னு உன் மிஷினே சொல்லிட்டு. நீ கொண்டாந்த தண்ணிய ஊத்துன பொறவுதான இருக்குங்குது?"

வெறும் டிஸ்டில்டு வாட்டரில் கோடு அசையாததையும் காட்டினாள். உப்பு மறைப்பதை அரை மணி நேரம் விளக்கினாள்.

"என் எறா உப்புத் தண்ணியிலதான கெடக்கு" என்று சொல்லிவிட்டு அவர் தீவனம் போடப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முதலில் ஏன் நேராக முக்கினாய் என்று திரும்பும் பஸ்ஸில் அவளைத் திட்டித் தீர்த்தேன். முன்சீட்டுக்காரர் ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

எட்டாம் நாள் அண்ணாச்சி அவளுக்கு ஃபோன் செய்தார். குளம் முழுக்க இறால் செத்து மிதக்கிறதாம். "நீ சொன்னது சரிதான். ஆனா மொதல்ல காட்டுனதத்தான தாயி நான் நம்புனேன்." அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எங்கள் பேராசிரியருக்கோ ஒரே சந்தோஷம். கருவி நோயை முன்கூட்டியே சொல்லிவிட்டதே, வேம்பார் சோதனை வெற்றி என்று கட்டுரையில் சேர்க்கச் சொன்னார்.

முத்துச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "எறா பூராவும் செத்துப்போச்சே சார். அத எங்கன எழுத?"