எதிர்க் கூண்டில் என் தோழி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையின்போது நடந்தது இது. இடம், ஜோகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் நான்காவது மாடி.

நானும் என் தோழியும் லாபிஸில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பள்ளி முடிந்த கையோடு செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து, பதினொரு வருடம் ஒரே உற்பத்தி லைனில் நின்றோம். பிறகு அவள் பாசிர் கூடாங்கில் வாழ்க்கைப்பட்டுப் போய், சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டாள். நான் அங்கேயே இருந்து லைன் லீடர் ஆனேன். சுருக்கமாகச் சொன்னால், ஒரு கூட்டத்தை விரட்டி விரட்டி வேலை வாங்குவதுதான் என் பிழைப்பு. வீட்டிலும் அதே அதிகாரம்தான் என்பார் என் கணவர்.

அந்த டிசம்பரில் அவளே போன் செய்து, "ரெண்டு நாள் எங்கியாவது போலாமா, நாம ரெண்டு பேர் மட்டும்?" என்று கேட்டாள். தூரமாக எங்கும் போகவில்லை. எங்கள் இரண்டு பேர் வீட்டிலிருந்தும் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஜோகூர் பாருவிலேயே ஓர் ஓட்டலில் அறை போட்டோம். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சமைக்க வேண்டாம், துணி மடிக்க வேண்டாம், எங்களுக்கு அது போதும்.

உண்மையைச் சொன்னால், நான் முழு மனதோடு போகவில்லை. ஏறக்குறைய ஒரு வருடமாக அவள் மேல் எனக்கு மனத்தாங்கல். என் மகள் பெரியவளானதற்கு மண்டபத்தில் வைத்த ராத்திரி விருந்துக்கு அவள் வரவில்லை. தீபாவளிக்கு மாலையில் அழைத்தேன், அதற்கும் வரவில்லை. கேட்டால் தலைவலி என்பாள், இல்லையென்றால் அசதி என்பாள். "அவ சிங்கப்பூர்க்காரி ஆயிட்டா, நம்ம வீட்டுக்கெல்லாம் இனிமே வருவாளா?" என்று நான் எத்தனை பேரிடம் புலம்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இரண்டாம் நாள் காலையில், "சும்மா கடல் பக்கம் போய் உட்காரலாமே, பேசலாம்" என்றாள். நான் கேட்கவில்லை. என் மகள் சொன்ன எஸ்கேப் ரூமுக்கு அவளைக் கேட்காமலே பதிவு செய்து வைத்திருந்தேன். ஓர் அறைக்குள் நம்மை வைத்துப் பூட்டிவிடுவார்கள். அங்கே ஒளித்து வைத்திருக்கும் துப்புகளைக் கண்டுபிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் நாமே பூட்டைத் திறந்து வெளியே வர வேண்டும். இருப்பதிலேயே கடினமான அறை எது என்று கேட்டு, அதைத்தான் எடுத்திருந்தேன்.

அது சிறைச்சாலை அறை. முக்காடு போட்ட ஒரு மலாய்க்கார அக்கா எங்களுக்கு விதிகளைச் சொல்லி உள்ளே அழைத்துப் போனார். வாசலைத் தாண்டியதும் ஒரே மங்கல். என் தோழி என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அலமாக், பேய் வீடு இல்லலா இது" என்று மலாய் கலந்து கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

குறுகலான நடைபாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே இரண்டு கம்பிக் கூண்டுகள். ஒன்றில் என்னையும் மற்றொன்றில் அவளையும் அடைத்துவிட்டு அந்த அக்கா போய்விட்டார். சுவரில் சிவப்பு எண்களில் நேரம் குறையத் தொடங்கியது.

என் கூண்டின் சுவரைத் தடவித் தேடி, நான்கு எண்களைக் கண்டுபிடித்தேன். அவற்றை அழுத்த வேண்டிய பூட்டு அவள் பக்கம் இருந்தது, போனில் இருப்பது போன்ற பொத்தான்களோடு. எண்ணைக் கத்திச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் சைரன் அலறத் தொடங்கியது. அதுதான் அந்த அறையில் வைத்திருந்த தந்திரம்.

எனக்கு ஒரே உற்சாகம். ஏனென்றால் சத்தத்துக்கு நடுவில் பேசுவது எங்களுக்குப் புதிதில்லை. பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரங்களின் இரைச்சலில், காதில் அடைப்பானோடு, பதினொரு வருடம் நாங்கள் கையால்தான் பேசினோம். எத்தனையாவது மெஷின் நின்றுவிட்டது, எத்தனை பெட்டி வேண்டும், எல்லாம் விரலில். மூடிய கை என்றால் பூஜ்யம். தோளைத் தொட்டால் ஐந்து. தோளைத் தொட்டு இரண்டு விரல் காட்டினால் ஏழு. எங்களுக்கு எதிரே எந்த அறையும் நிற்காது என்று நினைத்துக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் எதையோ அழுத்தினாள். தவறு. மறுபடி காட்டினேன். மறுபடியும் தவறு. மூன்றாவது முறை அவள் பொத்தானைத் தொடவே இல்லை. நான் கையை ஆட்டி ஆட்டிக் காட்ட, அவள் எங்கோ பார்த்துக்கொண்டு மரம் போல நின்றாள். ஒரு வருடக் கோபம் மொத்தமும் எனக்குத் தலைக்கேறியது. சைரன் சில நொடி ஓய்ந்தது. அந்த இடைவெளியில் எண்ணைச் சொல்வதை விட்டுவிட்டுக் கத்தினேன்.

"சிங்கப்பூர் போனதும் எல்லாத்தையும் மறந்துட்டியா? நம்ம கை பாஷைகூட மறந்து போச்சா?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "மறக்கலடி. உன் கையே எனக்குத் தெரியல. நீ நிக்கிற இடத்துல என்னமோ வெள்ளையா இருக்கு, அவ்வளவுதான் தெரியுது."

நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன். "கைய நீட்டு. இன்னும். இன்னும் கொஞ்சம்." நடைபாதை அவ்வளவு அகலமில்லை. அவள் கை காற்றில் அலைந்து என் விரலைத் தொட்டது. அதற்குள் சைரன் மறுபடி அலற, அவள் உள்ளங்கையைப் பிடித்து, ஒவ்வோர் எண்ணாகத் தட்டிக் காட்டினேன். அவள் பொத்தான்களைத் தடவி எண்ணி அழுத்த, சைரன் நின்று கூண்டுக் கதவு திறந்தது. வெளியே வந்தவளுக்கு, "இடது பக்கம், ஒரு அடி, அங்கதான்" என்று நான் வழி சொல்ல, அவள் தாழ்ப்பாளைத் தேடிப் பிடித்து என் கதவையும் திறந்துவிட்டாள்.

இன்னும் ஓர் அறை மீதி இருந்தது. நாங்கள் அதற்குள் போகவில்லை. நடைபாதைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

"மாலைக்கண். விழித்திரையில கோளாறு. பகல்ல நல்லா தெரியும். வெளிச்சம் கொறஞ்சா ஒண்ணும் தெரியாது" என்றாள். மருத்துவரிடம் காட்டியிருக்கிறாள். முழுவதும் சரியாகாது என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டில் யாருக்கும் தெரியாது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அவளுடைய மோட்டார் சைக்கிள்தான். தினமும் விடியுமுன் நாலே முக்காலுக்கு மோட்டாரில் கிளம்பி, பாலம் தாண்டி, ஆயிரக்கணக்கான மோட்டார்களோடு சிங்கப்பூர் போகிறவள் அவள். "அந்த இருட்டுல எப்படிடி ஓட்டுற?" என்றேன்.

"முன்னால போற மோட்டாரோட செவப்பு லைட்டப் பார்த்துக்கிட்டே பின்னால போயிடுவேன்" என்று சாதாரணமாகச் சொன்னாள். ஒரு நாள் முன்னால் போனவர் சாலையோரமாக ஒதுங்கி நிறுத்த, இவளும் அவர் பின்னாலேயே போய்த் தடுப்பில் மோதி விழுந்தாளாம். கால் முட்டியில் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினாள். சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள் என்ற பயத்தில், வழுக்கி விழுந்ததாக வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

என் வாய் சும்மா இருக்குமா? "நாளையிலேர்ந்து மோட்டாரத் தொடக் கூடாது. நான் உன் வீட்டுக்காரருக்கு இப்பவே போன் போடுறேன்" என்று ஆரம்பித்தேன்.

அவள் என் வாயைப் பொத்தினாள். "லைன் லீடரா பேசாத. கூட்டாளியா பேசு. உன்கிட்ட சொல்லத்தான் ரெண்டு நாள் வெளிய போலாம்னு கேட்டேன். நேத்திலேர்ந்து வாய் வரல."

அப்போதுதான் அழுதேன். கடல் பக்கம் போய்ப் பேசலாம் என்றவளை இருட்டறைக்கு இழுத்து வந்து, கத்தவும் கத்தியிருக்கிறேன். விருந்துக்கும் தீபாவளிக்கும் அவள் ஏன் வரவில்லை என்பது அந்தத் தரையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நான் என்ன செய்யணும், சொல்லு" என்று கேட்டேன்.

"வீட்டுல சொல்லணும். தனியா சொல்ல தைரியம் இல்ல. நீ பக்கத்துல இரு, போதும்."

ஒலிபெருக்கியில் அந்த அக்கா, "துப்பு ஏதாவது வேண்டுமா?" என்று மலாயில் இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்றோம். நேரம் முடிந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தவர், நாங்கள் தரையில் கைகோத்து உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று மாலையே ஓட்டலைக் காலி செய்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனோம். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். துறைமுகத்தில் வேலை செய்யும் அவள் கணவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "ஒன்னோட வேலைய விட நீ முக்கியம் இல்லையா எனக்கு?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவள் அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன்.

அவள் பயந்தது போல வேலை போகவில்லை. நிலைமையைச் சொன்னதும் முதலாளி வேலை தொடங்கும் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். இப்போது பஸ்ஸில் போகிறாள். பஸ் நிற்கும் இடம்வரை கணவரோ மகனோ கூட வருகிறார்கள். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. அதை மறைக்கும் வேலை மட்டும் அவளுக்கு இப்போது இல்லை.

யாராவது நம் விசேஷத்துக்கு வராமல் போனால் எனக்கு இன்றும் சுருக்கென்று கோபம் வரும், அந்தக் குணம் லேசில் போகாது, ஆனால் அவள் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருட்டில் போய் வந்த ஒரு வருடமும் நான் அவளை ஊரெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது நினைவுக்கு வந்ததும், போனை எடுத்து முதலில் "நல்லா இருக்கியா?" என்று கேட்கிறேன்.