புகார் எண்ணுக்குப் போன் போட்ட சித்தி

சித்தியின் மேசையில் ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கிறது. அவள் வேலை பார்க்கும் கால் சென்டரில் எல்லா மேசையிலும் உண்டு. கண்ணாடிக்கு மேலே, 'உங்கள் சிரிப்பு அவர்களுக்குக் கேட்கும்' என்று ஒரு ஸ்டிக்கர். வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று யாராவது வாய்க்கு வந்தபடி திட்டும்போது, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது சார்" என்று சொல்ல வேண்டும். பகல் முழுக்கத் தேனாக ஒழுகிவிட்டு வீட்டுக்கு வருபவள், செருப்பைக் கழற்றுவதற்குள் சண்டையைத் தொடங்கிவிடுவாள். குழாயோடு, கதவோடு, சித்தப்பாவோடு. சித்தப்பாவுக்கு மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் வேலை. "நான் கிடங்குலயே படுத்துக்கிறேன்மா, இங்க அனல் தாங்கல" என்பார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டு அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். சித்தி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "டேய் பட்டதாரி, பால் பொங்குது பாரு."

புகார் அறையில் ஒரு நாள் என்ன நடக்கிறது என்று அவள் ரேடியோ நாடகம் போல ஒரு குரல் நாடகம் உருவாக்கியிருந்தாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எல்லாப் பாத்திரத்தையும் தானே போனில் பேசிப் பேசிப் பதிவு செய்த வெள்ளோட்டம். கேட்டபோது எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. கடைசிக் காட்சியை இரண்டாம் முறை போட்டுக் கேட்டேன். கூட வேலை பார்க்கிறவர்களே நடிக்கத் தயார். ஸ்டூடியோ வாடகைக்குத்தான் வழியில்லை. பொதுமக்களிடம் நிதி திரட்டித் தரும் இணையதளம் ஒன்றில் போடலாம் என்று சொன்னது நான். எந்தத் தளம் என்று பார்க்கும் பொறுப்பையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கட்டணம் எவ்வளவு, பார்வையாளர்கள் எத்தனை பேர், பணம் எப்போது கைக்கு வரும் என்று அட்டவணை போட்டு, அழகாகக் கலர் அடித்து, அவள் முன்னால் லேப்டாப்பைத் திருப்பி வைத்தேன். பெரிய தளம் ஒன்றைப் பச்சையில் காட்டியிருந்தேன்.

"இதுல கேட்ட தொகை முழுசா சேராட்டியும் வந்த வரைக்கும் நமக்குத்தான் சித்தி."

"பாதிதான் வந்தா?"

"பாதியும் நமக்குத்தான்."

"பாதி நாடகத்தை உங்க தாத்தாவுக்குப் போட்டுக் காட்டவா? சரி, இவங்க புகார் நம்பர் என்ன?"

நான் பார்க்கவில்லை. அட்டவணையில் அதற்கு ஒரு கட்டமே இல்லை.

விடுமுறை நாளில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டாள். குரலை மாற்றிக்கொண்டாள். தினமும் தன்னைத் திட்டுகிறவர்களின் குரல் அவள் வாயிலிருந்து வந்தது. "ஒரு குறும்படத்துக்குக் காசு போட்டேன். படமும் வரல, காசும் வரல. என்ன நினைச்சுக்கிட்டிருக்கீங்க?"

முதல் தளத்தில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது இயந்திரம். அழுத்த அழுத்தப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. சித்தி ஒரு கூடைத் துணியை மடித்து முடித்துவிட்டுத் துண்டித்தாள்.

அடுத்தது என்னுடைய பச்சைத் தளம். ஒரு பெண் எடுத்தாள். "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது மேடம்."

சித்தியின் குரல் சட்டென்று இறங்கியது. "முன்னாடி கண்ணாடி ஒட்டியிருக்காம்மா?"

அந்தப் பெண்ணும் குரலைத் தாழ்த்தி, "இருக்கு மேடம்" என்றாள்.

"சரி. என் காசு திரும்பி வருமா, வராதா?"

"உங்க சிரமம்..."

போனை வைத்த சித்திக்குக் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? திட்டு வாங்க ஆளை உட்கார வெச்சிட்டு, சொல்றதுக்கு ஒரு பதிலைக்கூட எழுதிக் கொடுக்கலையே, நாசமாப் போறவனுங்க!"

மூன்றாவது ஒரு சின்னத் தளம். என் அட்டவணையில் கடைசி வரி.

"எந்தப் படம்?" என்றாள் அங்கே ஒருத்தி. சித்தி ஏதோ ஒரு பெயரை அடித்துவிட்டாள். "அப்படி ஒண்ணு எங்ககிட்ட இல்லவே இல்லையே. இங்க பாருங்க, தொகை முழுசா சேராட்டி ஒரு வாரத்துல நாங்களே திருப்பி அனுப்பிடுவோம். தொகை சேர்ந்து, படம் எடுக்கிறவன் ஏமாத்திட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கு. படிக்காம காசு போட்டுட்டு என்கிட்ட கத்தினா?"

போனைத் துண்டித்தபோது சித்தியின் முகம் மலர்ந்திருந்தது. "என்ன திமிரு பாரு! ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்றா. இதுலயே போடுடா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அங்க ஈ காக்கா வராது சித்தி! முழுசா சேரலேன்னா ஒரு பைசா கிடைக்காது. நீங்க வேணும்னே கெடுக்கிறீங்க."

"கத்தாதே. காசு போடப்போறது யாரு? என்கூடப் புகார் ரூம்ல இருக்கிறவங்க. ஏதாவது ஆச்சுன்னா எந்த நம்பருக்குப் போன் போடுவாங்க? பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருக்கிற என்னைத்தான் கேப்பாங்க. அவங்ககிட்டயும் 'உங்க சிரமம் புரியுது'ன்னு சொல்லவா?"

கல்லூரியில் கற்றுக்கொண்டதையெல்லாம் அந்த அட்டவணையில் கொட்டியிருந்தேன். அதை ஒரு போன் தூக்கிச் சாப்பிட்டது. அதற்குக் கோபமா, இல்லை, வேலை கிடைக்காத கோபத்தை அவள்மேல் காட்டினேனா? இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சில நாள் அவளிடம் பேசவில்லை.

நான் பயந்ததுதான் நடந்தது. தொகை சேரவில்லை. "சொன்னேனே" என்றேன், கொஞ்சம் சந்தோஷத்தோடு. சித்தி கையில் இருந்த தட்டை எறிந்தாள். சித்தப்பா குனிந்துகொண்டார், பழக்கம்.

ஆனால் போட்ட பணம் அத்தனை பேருக்கும் திரும்பி வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் ஆளாளுக்குப் போனைத் தூக்கிக் காட்டினார்களாம். "அக்கா, வந்திருச்சு!" சித்தி எரிந்து விழுந்திருக்கிறாள். "நாடகம் போச்சு, இதுக ஆடுதுக!" சூப்பர்வைசர்தான் கேட்டாராம், "நீ தளத்துல திரும்பப் போட்டா நாங்க திரும்பக் காசு போட மாட்டோமா?"

இந்த முறை ஸ்டூடியோ செலவை வெட்டிவிட்டாள். மைக்குக்கும் ஒலிப்பதிவு செய்கிற பையனின் கூலிக்கும் மட்டும் கேட்டாள். அதே ஆட்கள்தான் போட்டார்கள். கேட்ட தொகை நிறைந்துவிட்டது. சித்தப்பா கிடங்கில் கழித்துவிட்ட பஞ்சு வைத்த குளிர் கோட்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, எங்கள் படுக்கையறைச் சுவர் முழுக்க வரிசையாகத் தொங்கவிட்டார். தெருச் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. மீன் வாடைதான் போகவில்லை.

கத்துகிற வாடிக்கையாளராக நடிக்க இருந்தவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சித்தி என்னைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தினாள்.

"எனக்கு நடிக்க வராது."

"அன்னிக்குச் சமையல்கட்டுல கத்தினியே, அது போதும்."

"இப்பவும் சொல்றேன். பெரிய தளத்துல போட்டிருந்தா ஆயிரம் பேர் பார்த்திருப்பாங்க. ஸ்டூடியோவே எடுத்திருக்கலாம். இப்படி மீன் நாத்தத்துல நிக்க வேண்டியதில்ல. யார் பேச்சையும் கேக்குறதில்ல நீங்க!"

சித்தி கையை உயர்த்தி, பதிவு செய்கிற பையனைப் பார்த்தாள். "ஓடுதா?"

"ஓடுது அக்கா."

"நிறுத்தாதே. அப்படியே வாஷிங் மெஷின் வசனத்துக்கு வா."